யாருடைய ஐந்து வீதம்?

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை நீரிழிவு, இருதயநோய் ஆய்வுக்காக ஐயாயிரம் பேரைத் தெரிவுசெய்து உடலளவு எடுக்கச் சென்றார்கள். அந்தத் தரவிலிருந்து உயரம் பற்றிய கட்டுரையொன்று 2011இல் வெளியானது. ஆண்களின் சராசரி உயரம் 163.6 செ.மீ., நியம விலகல் 6.9. பெண்களுக்கு 151.4 செ.மீ., நியம விலகல் 6.4. இலங்கையருக்கென்று ஒரு கதிரையோ கருவியோ வடிவமைக்க நினைப்பவர் நம்பிக்கையோடு எடுத்தாளக்கூடிய எண்கள் இவை. ஒரேயொரு சங்கடம் உண்டு. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அளந்தார்கள். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டுப்போயின. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, அளவுகோல் யார் வீட்டு வாசலுக்கும் வரவில்லை. ஆய்வாளர்களைக் குறைசொல்ல முடியாது. 2006இன் கடைசி மாதங்களில் சண்டை நடந்த வாகரைப் பக்கம் யார்தான் போயிருக்க முடியும்? ஆனால் போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன. இப்போதும் "இலங்கையரின் உயரம்" என்று பேசும்போது அந்த ஏழு மாகாணங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த விடுபாடு கருவிகளை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்க, செவ்வன் பரம்பலைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு அந்த மணி வடிவ வளைகோடு ஞாபகம் இருக்கும். சராசரிக்கு இருபுறமும் ஒரு நியம விலகலுக்குள் 68 வீதமானோர் அடங்குவர். இரண்டு விலகலுக்குள் 95 வீதமானோர். சராசரியிலிருந்து 1.645 விலகல் கீழே இறங்கினால் ஐந்தாம் சதமணை, அதாவது நூற்றில் ஐந்து பேர் மட்டுமே அதற்குக் கீழே. அதேயளவு மேலே ஏறினால் தொண்ணூற்றைந்தாம் சதமணை. மனித உயரம் இந்தக் கோட்டில் இவ்வளவு ஒழுங்காக விழுவதற்குக் காரணம், அதைத் தீர்மானிப்பது ஒரு காரணி அல்ல என்பதே. ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள், தாயின் ஊட்டம், சிறுவயதுக் காய்ச்சல்கள், சோற்றோடு சேர்ந்த மீன் என்று சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல்கள் ஒன்றுசேர்ந்தே ஒருவருடைய உயரம் உருவாகிறது.

பெல்ஜியத்தின் அடொல்ஃப் கெட்டலே 1846இல் 5,738 ஸ்கொட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவை இந்த வளைகோட்டில் பொருத்திக் காட்டினார். அவரை மயக்கியது கோட்டின் நடுப்பகுதி. இயற்கை குறிவைக்கும் இலக்கு "சராசரி மனிதன்", மற்ற எல்லோரும் அதிலிருந்து கொஞ்சம் பிசகியவர்கள் என்பது அவர் பார்வை. கருவி செய்பவருக்கு இந்தப் பார்வை உதவாது. அவருக்கு வேண்டியது இரண்டு ஓரங்களும்தான்.

மேலே சொன்ன எண்களை வைத்தே கணக்குப் போடுவோம். பெண்களின் ஐந்தாம் சதமணை 141 செ.மீ. ஆண்களின் தொண்ணூற்றைந்தாம் சதமணை 175 செ.மீ. இரண்டுக்கும் இடையே 34 செ.மீ. கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் இந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். கூரை உயரத்தை நெட்டையருக்காக வைக்க வேண்டும். பிடிகம்பியைக் குட்டையருக்காக வைக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கை எட்டும்வரை கம்பியைத் தாழ்த்தினால் ஆணின் நெற்றியில் இடிக்கும். இருவருக்கும் நடுவாக வைத்தாலோ அவளுக்கு எட்டாது, அவருக்கும் இடிக்கும். ஆகவேதான் கம்பியை உயரத்தில் விட்டு, அதிலிருந்து வார்ப்பிடிகளைத் தொங்கவிடுகிறார்கள். இடம்விட வேண்டிய அளவுக்குப் பெரிய உடல், எட்ட வேண்டிய அளவுக்குச் சிறிய உடல், இரண்டும் மோதுமிடத்தில் சரிசெய்துகொள்ளும் வசதி. உடலளவியலின் பாதிப் பாடம் இவ்வளவுதான்.

ஆண், பெண் எல்லோரையும் ஒரே குவியலாகப் போட்டு ஒரு சராசரி, ஒரு நியம விலகல் எடுப்பவர்களும் உண்டு. இரண்டு செவ்வன் பரம்பல்களின் கலவை செவ்வன் பரம்பலாக இருக்க வேண்டியதில்லை. நம் எண்களில் இரு சராசரிகளுக்குமிடையிலான தூரம் 12.2 செ.மீ.; இது நியம விலகலின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் வரைபடத்தில் இரண்டு திமில்கள் தெரியாது. உச்சி தட்டையான ஒரே திமில்தான் தெரியும். பார்ப்பவர் "செவ்வன் மாதிரித்தானே இருக்கிறது" என்று ஏமாந்துபோவார்.

இனி இறக்குமதிக்கு வருவோம். அமெரிக்க இராணுவம் 1988இல் தன் ஆட்களை அளந்த கணக்கெடுப்பு உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ஒன்று. அதில் ஆண்களின் சராசரி 175.6 செ.மீ., நியம விலகல் 6.7. அப்படியானால் அவர்களது ஐந்தாம் சதமணை ஆண் 164.6 செ.மீ. இலங்கை ஆண்களின் சராசரியே அதற்குக் கீழே! "ஐந்து முதல் தொண்ணூற்றைந்து வரை எல்லா ஆண்களுக்கும் பொருந்தும்" என்று அந்தக் கணக்கை வைத்துச் செய்த ஒரு கருவி இங்கு வந்தால், அதன் கீழெல்லைக்கும் குட்டையாக இருப்பவர்கள் இலங்கை ஆண்களில் 56 வீதம். பெண்களில் 98 வீதம். செய்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கைவிட்டது ஐந்து வீதத்தைத்தான். அது யாருடைய ஐந்து வீதம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு உதாரணம் இதைவிடக் கூர்மையானது. மோட்டார் வாகன மோதல் சோதனைகளில் "சிறிய பெண்" என்று உட்கார வைக்கும் அமெரிக்கப் பொம்மையின் உயரம் சுமார் 150 செ.மீ., எடை 49 கிலோ. அங்கே ஐந்தாம் சதமணையாக ஓரத்தில் இருப்பவள், இங்கே கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறாள்.

இந்தப் பொருந்தாமையை முதலில் அளந்து எழுதியவர்களில் இலங்கையர் ஒருவரும் உண்டு. ஜே.டி.ஏ. அபேசேகர, சுவீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தில் ஹூஷாங் ஷானவாஸுடன் சேர்ந்து, இலங்கைத் தொழிலாளரின் உடலளவுகளை 1987இல் வெளியிட்டார். பிற நாட்டாரின் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, இறக்குமதிப் பொருள்களைப் பயன்படுத்துவதில் வரும் சிக்கல்களைப் பேசிய கட்டுரை அது. அடுத்த ஆண்டே இருவரும் வெப்பநாடுகளுக்காக மாற்றியமைத்த தொழிற்சாலைத் தலைக்கவசங்களைச் சோதித்து எழுதினார்கள். கவசம் கனக்கிறது, வேர்க்கிறது, தலையில் நிற்கவில்லை என்று தொழிலாளி கழற்றி வைத்தால், அதற்கு அவருடைய அலட்சியத்தை மட்டும் காரணம் காட்டிப் பயனில்லை. இன்றும் நம் வேலைத்தளங்களில் அலட்சியம் என்ற பேச்சுத்தான் ஓங்கி நிற்கிறது.

வெளிநாட்டு அளவுகளை விகிதப்படி சுருக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது. ஒரே உயரமுள்ள இரண்டு சமூகத்தவரிடையே காலின் நீளமும் உட்கார்ந்த உயரமும் வேறாக இருக்கும். உயரத்தைச் சுருக்கினால் கால் எவ்வளவு சுருங்கும் என்பதை அளக்காமல் சொல்ல முடியாது.

கிழக்கிலங்கை உடல்களை யாருமே அளக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பிழை. அளந்தார்கள், வேறு நோக்கத்துக்காக. 1880களில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பவுல் சரசினும் ஃபிரிட்ஸ் சரசினும் வேடரின் உடலையும் மண்டையோட்டையும் அளந்து பெரிய நூலாக்கினார்கள். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய நூலில் கிழக்குக் கரையோர வேடரும் வருகிறார்கள். அதே காலத்தில் அக்கரையில், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தேர்ஸ்டன் அளவுகோலும் கையுமாகத் தென்னிந்திய மூக்குகளை அளந்துகொண்டிருந்தார். யார் எந்த இனம், யார் யாருக்கு மூத்தவர் என்பதே கேள்வி. அளக்கப்பட்டவருக்குப் பொருந்தும் ஒரு மண்வெட்டிப் பிடிகூட அதிலிருந்து பிறக்கவில்லை.

இன ஆய்வு, கருவி வடிவமைப்பு என்ற இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே ஒரு பாலம் இருந்தது என்பது எனக்கு வியப்பான விடயம். ஹோவர்ட் ஸ்டவுட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இலங்கையரின் உடல் மானிடவியல் பற்றி எழுதிய நூலைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகம் 1961இல் வெளியிட்டது. ஐந்தாண்டு கழித்து, 1966இல், கருவி வடிவமைப்பில் மனித உடல் என்ற பொருளில் ஹாவர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட அடிப்படை நூலின் மூன்று ஆசிரியர்களில் அவரும் ஒருவர். இலங்கை உடலை எண்ணாக அறிந்த மனிதரே கருவிக்கான உடலளவு நூலையும் எழுதினார். ஆனால் முதல் நூல் இங்கே நூலகத் தட்டில் இன ஆய்வாகவே தங்கிவிட்டது. இரண்டாவதின் பலன் விமானிகளுக்கும் வாகன ஓட்டிகளுக்கும் போனது.

விமானிகள் என்றதும் கில்பர்ட் டேனியல்ஸைச் சொல்லாமல் விட முடியாது. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. டேனியல்ஸ் விமானி அறைக்கு முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள சுமார் 30 வீதத்தைச் "சராசரி" என்று தாராளமாக வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியானவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவரும் இல்லை. பத்து அளவுகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கொண்டால் 0.3ஐப் பத்துமுறை பெருக்க வேண்டும். 4,063 பேருக்கு எதிர்பார்க்கக்கூடியது 0.02 ஆள். உண்மையில் உடலின் அளவுகள் ஓரளவு சேர்ந்தே நகர்பவை. அப்படியிருந்தும் விடை பூச்சியம்தான். நெட்டையானவருக்குக் கை நீளம் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் இடுப்பும் கழுத்தும் தொடையும் அதே அளவுக்குக் கூடுவதில்லை.

டேனியல்ஸ் கணக்கின் மறுபக்கமும் முக்கியம், அதை அதிகம் பேசுவதில்லை. ஒவ்வோர் அளவிலும் 90 வீதமானோருக்குப் பொருந்தும்படி செய்தாலே போதும் என்று நினைக்கிறோம். தொடர்பற்ற பத்து அளவுகள் என்றால் எல்லாவற்றிலும் பொருந்துபவர் 35 வீதம் மட்டுமே. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குப் பத்துப் பேரை விட்டுவிட்டு, முடிவில் பாதிக்கு மேற்பட்டவரை வெளியே நிறுத்தியிருப்போம்.

வாவிக்கரைக்குத் திரும்புவோம். இந்த வளைகோடு இங்கே அன்றாடம் உழைக்கும் இடம் ஒன்று உண்டு: ஆடைத் தொழிற்சாலையின் வெட்டு மேசை. ஒரு ஓடர் வந்தால் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற அளவுகளுக்கு ஒரு விகிதமும் கூடவே வரும். அடிக்கடி காணக்கூடிய விகிதம் 1:2:2:1. ஆறு உடுப்பில் ஒன்று சிறியது, நான்கு நடுவில், ஒன்று மிகப் பெரியது. இப்போது செவ்வன் பரம்பலைச் சராசரியிலும், அதற்கு ஒரு நியம விலகல் மேலும் கீழுமாக மூன்று இடத்தில் வெட்டிப் பாருங்கள்: 16, 34, 34, 16 வீதம். கிட்டத்தட்ட அதே விகிதம். துணி வெட்டும் பிள்ளை ஒரு நாளும் கெட்டலேயின் பெயரைக் கேட்டிருக்க மாட்டாள், அவருடைய கோட்டைத்தான் வெட்டுகிறாள். அந்த எஸ்ஸும் எம்மும் ஏற்றுமதியாகும் நாட்டவரின் உடலுக்கானவை என்பது வேறு கதை. மிஞ்சிய உருப்படி உள்ளூர்ச் சந்தைக்கு வரும்போது அவளுக்கு எஸ்ஸும் தொளதொளக்கும்.

மருதமுனைக் கைத்தறியில் நிலைமை வேறு. தறியில் உட்காருபவருக்கு மூன்று இடங்கள் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும்: வாங்கின் உயரம், கால் மிதிக்கும் கட்டையின் தூரம், துணி சுருளும் உருளையின் உயரம். முழங்காலின் உட்பக்கம்வரை உள்ள உயரம் ஒருவரின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. 141 செ.மீ. பெண்ணுக்கு 35 செ.மீ., 175 செ.மீ. ஆணுக்கு 44. ஒன்பது சென்ரிமீற்றர் வித்தியாசம். வாங்கு உயரமாக இருந்தால் மிதிகட்டையை எட்ட விளிம்பிலே குந்த வேண்டும். தொடையின் அடிப்புறம் நசியும், பின்னேரமானால் கால் மரத்துப்போகும். தாழ்வாக இருந்தால் கையைத் தூக்கித் தூக்கி நாடா போட வேண்டும், தோள்மூட்டு கழன்றுபோகும். வாங்கின் இருபக்கத் தாங்கிகளிலும் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஐந்து துளைகள் போட்டு, ஆணியை மாற்றிச் செருகும்படி செய்தால் முழு வீச்சும் அடங்கிவிடும். தச்சருக்கு ஒரு காலை வேலை.

முன்பு இந்தச் சிக்கல் அவ்வளவாக எழவில்லை. கொல்லரும் தச்சரும் ஆளைப் பார்த்தே செய்தார்கள். மண்வெட்டிப் பிடியை வாங்குபவர் நட்டு வைத்துப் பார்த்து அறுத்துக்கொண்டார். தோணி தள்ளும் கம்பும் அப்படியே. உபயோகிப்பவரின் முகம் தெரியாத இடத்தில் பொருள் செய்யப்படும்போதுதான் பரம்பல் தேவைப்படுகிறது. முகத்துக்குப் பதிலாகச் செய்பவரிடம் இருப்பது அந்தக் கோடு மட்டுமே.

படுவான்கரை வயல்களில் முதுகில் சுமக்கும் மருந்தடிக்கும் டாங்கி அப்படிப்பட்ட முகமறியாப் பொருள். 16 லீட்டர் கொள்ளளவு வழமை. நிரப்பினால் டாங்கியோடு சேர்த்து ஏறத்தாழ 20 கிலோ. 50 கிலோ மனிதருக்கு அது உடலெடையில் ஐந்தில் இரண்டு. முதுகின் நீளம் குறைந்தவருக்கு டாங்கியின் அடி இடுப்புக்குக் கீழே இறங்கி, நடக்க நடக்க இடிக்கும். வாரை இறுக்கித் தூக்கினால் பாரம் முழுவதும் தோளில். பம்ப் அடிக்கும் கைபிடியும் முழங்கையின் இயல்பான இடத்தில் நிற்காது. சேற்றில் கால் புதைய இப்படி ஒரு நாள் முழுக்க நடப்பவருக்கு "பாதுகாப்பு அங்கி போடுங்கள்" என்று அறிவுரை சொல்வது எளிது. இந்தியாவில் போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாயத் தொழிலாளரின் உடலளவையும் தசைவலுவையும் மாநிலவாரியாகத் தொகுத்து 2009இல் நூலாக்கியது. அந்த வேலையில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரு நிலையம். நமக்கு மிக அருகிலுள்ள முன்மாதிரி அதுதான்.

உயிர்காப்பு அங்கியில் வளைகோடே கொஞ்சம் சறுக்குகிறது. பெரியவருக்கான அங்கிகள் பலவற்றில் "40 கிலோவுக்கு மேல்" என்றுதான் எழுதியிருக்கும். எடை உயரத்தைப்போல் செவ்வனாகப் பரவுவதில்லை. வலப்பக்கம் நீண்ட வால் உண்டு. சராசரியும் நியம விலகலும் மட்டும் வைத்து ஓரங்களைக் கணித்தால் மெலிந்தவர் இருப்பதைவிட மெலிவாகவும், பருத்தவர் இருப்பதைவிடக் குறைவாகவும் தாளில் தெரிவார்கள். எடையின் மடக்கையை எடுத்தால் கோடு ஓரளவு நிமிரும். மெலிந்த மீனவருக்கு அங்கி பெரிதாகிவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே கிளம்பி முகத்தை மூடும். தொடைக்கிடையே ஒரு வார் இருந்தால் இதைத் தடுக்கலாம். கடையில் விலை கேட்கும்போது அந்த வார் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மீனவரின் உடல் இப்படி விடுபட்டிருக்க, மீனின் உடலுக்கு இந்தக் கோட்டை நம் நாட்டில் நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். செவுள்வலையின் கண்ணுக்குள் சிறிய மீன் நுழைந்து போய்விடும். பெரிய மீன் முட்டித் திரும்பும். இடைப்பட்ட பருமனுள்ளது மாட்டிக்கொள்ளும். எந்த நீளமுள்ள மீன் எவ்வளவு மாட்டும் என்று வரைந்தால் ஏறத்தாழ ஒரு செவ்வன் வளைகோடு. வலைக்கண் பெரிதாக, கோட்டின் உச்சியும் அதே விகிதத்தில் பெரிய மீனை நோக்கி நகரும். சிட்னி ஹோல்ட் 1963இல் தந்த முறை இது. களனிப் பல்கலைக்கழகத்தின் உபாலி அமரசிங்க போன்றோர் இலங்கைக் குளங்களின் திலாப்பியாவுக்கு இவ்வகைக் கணக்குகளைப் போட்டிருக்கிறார்கள். உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் 8.5 செ.மீ.க்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலை சட்டவிரோதம். குஞ்சும் இன்னும் முட்டையிடாததும் தப்பிப்போக வேண்டும் என்பதற்காகச் சட்டமே கோட்டின் ஒரு ஓரத்தைப் பாதுகாக்கிறது. மீனுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு அதைப் பிடிப்பவருக்கும் கிடைக்கலாம்தானே.

இங்குள்ளவர்களை அளக்கப் பெரிய பணம் தேவையில்லை. உடலளவுத் தரவுக்கான சர்வதேச நியமம் ஐஎஸ்ஓ 15535 மாதிரியின் அளவுக்கு ஒரு சூத்திரம் தருகிறது: மாறல் வீதத்தை (நியம விலகல் சராசரியில் எத்தனை வீதம் என்பதை) விரும்பும் நுணுக்க வீதத்தால் வகுத்து, 3.006ஆல் பெருக்கி, வர்க்கம் எடுக்க வேண்டும். உயரத்தின் மாறல் 4.2 வீதம். ஐந்தாம், தொண்ணூற்றைந்தாம் சதமணைகளை ஒரு வீத நுணுக்கத்துக்குள் அறிய ஆண்களில் ஏறத்தாழ 160 பேர், பெண்களில் ஏறத்தாழ 160 பேர் போதும். சுற்றளவுகள்போல் 9 வீதம் மாறுபவற்றுக்குத் தலா 732 பேர். ஒரே ஊரில் எடுத்தால் செல்லாது. காத்தான்குடியும் கொக்கட்டிச்சோலையும் வவுணதீவும் களுவாஞ்சிகுடியும் வாகரையின் வேடர் கிராமங்களும் வர வேண்டும். இளையவர்கள் மூத்தவர்களைவிட உயரமாக வளர்ந்திருப்பதால் வயதுக் குழுக்களும் பிரிய வேண்டும். பெண்களை அளக்கப் பெண்களே போக வேண்டும். உயரத்தோடு நின்றுவிடாமல், உட்கார்ந்த உயரம், முழங்கால் உயரம், முழங்கை உயரம், தோளகலம், முதுகு நீளம், கைப்பிடிச் சுற்று, தலைச் சுற்று, எடை என்பவற்றையாவது எடுக்க வேண்டும்.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று விவசாய பீடமும் இருக்கிறது, மருத்துவம் படிப்பிக்கும் பீடமும் இருக்கிறது. இரண்டு பீடங்களின் இறுதியாண்டு மாணவர்களும் சேர்ந்தால் ஒரே ஆண்டில் முடிக்கக்கூடிய ஆய்வுத்திட்டம் இது. பொறுப்பிலுள்ளவர்கள் அடுத்த ஆண்டின் தலைப்புகளை முடிவுசெய்யும்போது இதையும் மேசையில் வைக்க வேண்டும். எடுத்த அளவுகளை அறிக்கையாகப் பூட்டி வைக்காமல், தச்சருக்கும் தறிக்காரருக்கும் விளங்கும் ஒரு பக்க அட்டவணையாகத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவும் வேண்டும்.